இல்லாத தந்தி, இல்லாத துளை

பர்கூரில் முகூர்த்த நாள் வந்தால் இரண்டு இடங்களில் கூட்டம் நெரியும். ஒன்று, 'குட்டி சூரத்' என்று பேரெடுத்த ஜவுளிக் கடைகள். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், குப்பம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் கல்யாணத் துணி எடுக்க இங்கே வருகிறார்கள். இன்னொன்று, கல்யாண மண்டபங்கள். (மாட்டுக்குப் பேர்போன அந்தியூர் மலைப் பர்கூர் வேறு. இது கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய பர்கூர்.) தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைச்சீமை இது. நாயனம் மட்டுமே கேட்டுவந்த இந்தப் பக்கத்துப் பந்தல்களில் இப்போது பல நேரம் சாக்ஸபோனும் கேட்கிறது. இரண்டு சாக்ஸபோன், தவில், தாளம், சுருதிப் பெட்டி. மாப்பிள்ளை அழைப்பில் நாட்டையில் கணபதி கீர்த்தனை, ஊஞ்சலின்போது தியாகராஜரின் 'சீதா கல்யாண வைபோகமே', கன்னடம் பேசும் வீடானால் புரந்தரதாசரின் 'பாக்யதா லட்சுமி பாரம்மா', தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம்.

இந்த மேளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டத்தை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். பாரிஸ், லண்டன், ஒசாகா போன்ற நகரங்களின் அரங்குகளில் நாலு பேராகவோ, பன்னிரண்டு, இருபது பேராகவோ சாக்ஸபோன்களை மட்டுமே வைத்துக்கொண்டு பாக், மொசார்ட், துவோர்ஷாக் ஆகியோரின் படைப்புகளை வாசிக்கும் குழுக்கள் அவை. வயலின் இல்லை, செல்லோ இல்லை, புல்லாங்குழல் இல்லை. சிம்பனி இசைக்குழு முழுவதும் செய்யும் வேலையை ஒரே குடும்பத்துக் கருவிகள் எடுத்துச் செய்கின்றன. ஒசாகாவின் 'மி பெமோல்' குழு இந்த வகையில் உலகறிந்த ஒன்று.

இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அறியாது. கேட்பவர்களும் வேறு. ஆனால் இரண்டின் முன்னும் இருப்பது ஒரே சிக்கல்: தனக்காக எழுதப்படாத சாஸ்திரிய சங்கீதத்தைத் தன் குழலில் ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒன்று இல்லை. அவர்களுக்குத் தந்தி இல்லை. நமக்கு, விரல் நேரடியாகப் படும் துளை இல்லை. அந்த இல்லாமையை ஈடுகட்டும் வழியில்தான் இரண்டின் கலையும் இருக்கிறது என்பது என் எண்ணம். எண்ணிக்கையையும் மேடையையும் உடையையும் வைத்து ஒப்பிடுபவர்களுக்கு இது கண்ணில் படாது.

முதலில் காலத்தைப் பார்த்துவிடலாம். பெல்ஜியத்தின் தினான் ஊரில் 1814ல் பிறந்த ஆடோல்ஃப் சாக்ஸ், தன் கருவிக்குப் பாரிசில் காப்புரிமை பெற்றது 1846ல். அதற்குள் பீத்தோவன் மறைந்து 19 ஆண்டுகள் ஆகிவிட்டன. பீத்தோவன் மறைந்த அதே 1827ல்தான் சியாமா சாஸ்திரிகளும் மறைந்தார். முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தது 1835ல். காப்புரிமை கைக்கு வந்த சில மாதங்களில், 1847 ஜனவரியில், திருவையாற்றில் தியாகராஜர் சித்தியடைந்தார். வியன்னாவின் மும்மூர்த்திகள், திருவாரூரின் மும்மூர்த்திகள் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும், பெரியவர்கள் எல்லோரும் எழுதி முடித்த பிறகு பிறந்த பிள்ளை சாக்ஸபோன். அங்கே சிம்பனி குழுவுக்குள் அதற்கு நாற்காலி போடவில்லை. இங்கே கோயில் பிராகாரத்தில் அதற்கு இடம் குறிக்கவில்லை. இரண்டு இடத்திலும் அது பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது.

அந்தப் பின்வாசல் இரண்டு நாட்டிலும் ஒன்றே: பேண்டு வாத்தியம். 1845ல் பாரிசின் ஷாம் த மார்ஸ் திடலில், பழைய பேண்டுக்கும் சாக்ஸின் புதுக் கருவிகள் கொண்ட பேண்டுக்கும் மக்கள் முன்னிலையில் போட்டியே நடந்தது. சாக்ஸின் பக்கம் வென்றது. திறந்த வெளியில் காற்றோடு மோதிக் கேட்கவேண்டிய கருவி என்பதால்தான் அதற்குப் பித்தளை உடம்பு. நம் பக்கம் மைசூர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு இருந்தது. 1948ல் லண்டன் ஃபில்ஹார்மோனியா கச்சேரி சங்கத்துக்கே முதல் தலைவராக இருந்த ஜெயசாமராஜ உடையாரின் அரண்மனை அது. அந்த பேண்டில் சாக்ஸபோன் ஒலித்ததைக் கேட்டு மயங்கிய ஒரு நாகஸ்வர வித்வான் வீட்டுப் பையன்தான் கத்ரி கோபால்நாத்.

1949ல் தென் கன்னட மாவட்டத்தில் பிறந்த கோபால்நாத்துக்கு வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது தந்தையின் நாகஸ்வரத்தால் வந்தது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். பின்னவர் பாட்டும் மிருதங்கமும் தெரிந்தவர். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொடுக்க அன்று யாரும் இல்லாததால், பாட்டைக் கற்று அதைக் குழலில் தேடவேண்டியிருந்தது. 1980ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவரோடு சேர்ந்து வாசித்தது, அவர்மேல் உலகத்தின் கவனத்தைத் திருப்பியது. 1994ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி.யின் புரோம்ஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டு பாலசந்தரின் 'டூயட்' படத்தில் ரகுமானின் இசையில் அவருடைய சாக்ஸபோன் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. 2019 அக்டோபரில் அவர் மறைந்தபோது, மங்களூர் முதல் சென்னை வரை சாக்ஸபோன் மேளங்கள் ஒரு தொழிலாகவே வேர்விட்டிருந்தன.

மேற்கில் இப்படி சாக்ஸபோனைச் சாஸ்திரிய சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் மார்செல் ம்யூல். அவரும் பேண்டிலிருந்து வந்தவர்தான். பாரிஸ் குடியரசுக் காவல்படை பேண்டில் இருந்த நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1928ல் நாலு சாக்ஸபோன் குழு தொடங்கினார். அவருக்கு முன்பே சாக்ஸின் நண்பர் சேன்ஷலே 1857ல் நாலு சாக்ஸபோனுக்கென்று எழுதியிருந்தார். ஆனால் அதைத் தொடர ஆள் இல்லை. பாரிஸ் இசைக் கல்லூரியில் சாக்ஸ் நடத்திய வகுப்பு 1870ல் மூடப்பட்டது. மறுபடி திறந்தது 1942ல், ம்யூலின் கீழ். 72 ஆண்டுகள் அந்த நாட்டின் தலைமை இசைக் கல்லூரியில் அந்த நாட்டிலேயே காப்புரிமை பெற்ற கருவிக்கு வகுப்பு இல்லை. இதை நினைக்கும்போது நம் நிலைமை மனதுக்கு வருகிறது. தமிழ்நாட்டு அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில், கிருஷ்ணகிரி பள்ளி உட்பட, குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். சாக்ஸபோன் இல்லை. இந்த எல்லைப் பகுதிப் பையன் ஒருவன் சாக்ஸபோனில் கீர்த்தனை கற்கவேண்டும் என்றால் ஒரு மேளக்காரரின் பின்னால் போகவேண்டும், இல்லையென்றால் பெங்களூருக்கு பஸ் ஏறவேண்டும்.

இனி அந்த 'இல்லாமை'க்கு வருகிறேன். விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

துவோர்ஷாக் 1893ல் அமெரிக்காவில் எழுதிய நால்வர் தந்தி இசையை சாக்ஸபோன் குழுக்கள் விரும்பி வாசிக்கும். அதை மாற்றி எழுதுபவர் முதல் வயலினை சொப்ரானோ சாக்ஸபோனுக்கும், இரண்டாம் வயலினை ஆல்டோவுக்கும், வியோலாவை டெனருக்கும், செல்லோவை பாரிடோனுக்கும் கொடுப்பார். காகிதத்தில் பார்த்தால் சட்டை அளவெடுத்துத் தைத்தது மாதிரிப் பொருந்தும். அடியில் ஒரு கீ கூடுதலாக வைத்த இன்றைய பாரிடோனின் ஆகக் கீழ் ஸ்வரமும் செல்லோவின் அடித் தந்தி ஸ்வரமும் ஒன்றே. ஆனால் மேலே சிக்கல் தொடங்குகிறது. வயலினின் அடித் தந்தியைவிட அரைக் கட்டை உயரத்தில்தான் சொப்ரானோ நின்றுவிடுகிறது. வயலின் ஏறுகிற உச்சிக்கும் அது சுலபத்தில் போகாது. எனவே எழுதுபவர் சில வரிகளைக் கீழிறக்க வேண்டும், சிலவற்றை வேறு குழலுக்கு மாற்ற வேண்டும், சில இடத்தில் முழுப் பத்தியையே வேறு சுருதிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு வில். வில்லை இழுத்துக்கொண்டே இருக்கலாம், மூச்சு தீரும். தந்தியை விரலால் சுண்டினால் வரும் சின்னத் துடிப்பான ஒலி குழலில் கிடையாது. சாக்ஸபோன்காரர்கள் அதற்கு ரீடின் மேல் நாக்கை ஒட்டி வெடுக்கென்று பிரிக்கும் ஓர் அடியைக் கண்டுபிடித்தார்கள். நீண்ட ஸ்வரத்தை இருவர் பங்கிட்டு, ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் தாங்குவார்கள். இருபது வயலின்கள் சேர்ந்து எழுப்பும் மினுமினுப்பை நாலு ஆல்டோக்காரர்கள் ஒரே ஸ்வரத்தை மிக மெலிதாகப் பிடித்து நினைவூட்டுவார்கள். இல்லாத தந்தியை அவர்கள் எண்ணிக்கையாலும் பங்கீட்டாலும் ஈடுகட்டுகிறார்கள். ஒரு குரலை நாலாகப் பிரித்து, நாலையும் அளவாகக் கலந்து, எந்த இடத்திலும் யாருடைய குரலும் தூக்கலாகத் தெரியாமல் செய்வதுதான் அங்கே வித்தை. கேட்கும்போது பெரிய ஆர்கன் வாத்தியம் ஒன்று மூச்சுவிடுவதுபோல இருக்கும். கிளாசுனோவ் 1932ல் ம்யூலின் குழுவுக்காக நேரடியாகவே ஒரு நால்வர் இசை எழுதினார். அதன் நடுப் பகுதியில் ஷூமன் பாணியிலும் ஷோபேன் பாணியிலும் வேறுபாடுகள் வருகின்றன. பியானோக்காரர்களின் நிழலை சாக்ஸபோன்மேல் விழவைத்துப் பார்த்த அந்த எழுபது வயதை நெருங்கிய பெரியவரை எண்ணினால் எனக்கு மரியாதை கூடுகிறது.

நம் பக்கத்து இழப்பு வேறு வகை. நாகஸ்வரத்துக்கும் சாக்ஸபோனுக்கும் ஒரு ரத்த உறவு உண்டு. இரண்டின் உட்குழலும் மேலே குறுகிக் கீழே விரிந்து போகும் கூம்பு. அதனால் இரண்டிலும் காற்றை அழுத்தி ஊதினால் ஸ்வரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவும். சாக்ஸபோனுக்கு முன்பே நம் கச்சேரிக்கு வந்த கிளாரினெட்டில் இந்த வசதி இல்லை. அதன் குழல் நேர் உருளை, அழுத்தினால் ஒரு ஸ்தாயியையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்குப் போய் நிற்கும். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அந்தக் குழலில் நாகஸ்வர பாணியைக் கொண்டுவந்தார் என்றால், அந்தத் தாவலையும் விரல்களால் வென்றுதான் கொண்டுவந்தார். சாக்ஸபோன்காரர் அந்த ஒரு சண்டையிலிருந்து தப்பித்தார். நாகஸ்வரத்தின் சீவாளியும் சாக்ஸபோனின் ரீடும்கூட ஒரு வகையில் உறவுதான். காவிரிக் கரையின் கொறுக்கைத்தட்டையும் தெற்கு பிரான்சின் நாணலும் ஆற்றங்கரைப் புல்வகைகளே.

உறவு அங்கே முடிகிறது. நாகஸ்வரத்தில் ஏழு விரல் துளைகள். (கீழே உள்ள மற்றத் துளைகள் வாசிப்புக்கல்ல. மெழுகு வைத்துச் சுருதி கூட்டுவதற்கு.) துளைமேல் இருப்பது வெறும் விரல்சதை. அரைத் துளை திறக்கலாம், கால் துளை திறக்கலாம், விரலை உருட்டலாம், மூச்சால் அதை மேலும் நெகிழ்த்தலாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் காந்தாரம் மத்தியமத்தைத் தொட்டும் தொடாமலும் இறங்கி ரிஷபத்தை உரசித் திரும்புகிறதே, கமகம் எனப்படும் அந்த ஆட்டம் முழுவதும் விரல்சதைக்கும் துளைக்கும் நடுவில் நடப்பது. சாக்ஸபோனில் துளைகள் இருபதுக்கும் மேல். எல்லாவற்றையும் மூடுவது தோல் ஒட்டிய மூடிகள். விரல் தொடுவது கீயை, கீ தள்ளுவது கம்பியை, கம்பி மூடுவது துளையை. இடையில் இத்தனை பேர் நின்றால் கால் துளை எங்கே கிடைக்கும்? கமகத்துக்கு எதிராகவே வடிவமைத்த கருவி என்று சொன்னாலும் தகும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, சமமாக, இடைவெளி தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதே அதைச் செய்தவரின் நோக்கம்.

நம்மவர்கள் கண்ட வழி, விரலிலிருந்து கமகத்தை எடுத்து உதட்டுக்கும் தொண்டைக்கும் கொடுத்தது. கீழுதட்டை ரீடின்மேல் இறுக்கியும் தளர்த்தியும், தொண்டையின் உள்வடிவத்தை மாற்றியும் ஒரு ஸ்வரத்தை அரைக் கட்டைக்கு மேலேயும் இழுக்கலாம். பக்கத்துக் கீயை முழுக்க மூடாமல் மெதுவாக அமுக்கினால், மூடி துளையை நெருங்கும் அந்தச் சின்ன நேரத்தில் ஒரு வழுக்கல் கிடைக்கும். இவற்றைச் சேர்த்து, கீ மாறும் விளிம்பு காதில் படாமல் மறைக்கவேண்டும். கோபால்நாத் கருவியிலேயே சில மாற்றங்கள் செய்துகொண்டார் என்றாலும், சாரம் உதட்டில்தான். மேற்கத்திய குழு இல்லாத தந்தியைப் பலர் சேர்ந்து ஈடுகட்டுகிறது என்றால், இங்கே இல்லாத துளையை ஒரே ஒரு மனிதனின் வாய் ஈடுகட்டுகிறது.

ஒரு சின்ன ஒற்றுமை என்னை மிகவும் ஈர்க்கிறது. ம்யூல் தன் மாணவர்களுக்கு ஒலியில் மெல்லிய அதிர்வு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். தாடையை அசைத்து, மெட்ரோனோம் வைத்துச் சீராக எண்ணிப் பழகவேண்டிய அதிர்வு. அதே தாடை அசைவைத்தான் நம் கலைஞரும் செய்கிறார். ஆனால் அங்கே எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவில் விழும் ஒரு பூச்சு அது. இங்கே ஸ்வரத்துக்கு ஸ்வரம், ராகத்துக்கு ராகம் மாறும். தோடியின் காந்தாரத்துக்குக் கொடுக்கும் அசைவைக் கல்யாணியின் காந்தாரத்துக்குக் கொடுத்தால் ராகமே செத்துப்போகும். ஒரே தசை, ஒரே பயிற்சி நேரம், முற்றிலும் எதிரான இரண்டு ஒழுக்கம். மேற்கத்திய ஆசிரியரிடம் நம் கலைஞர் வாசித்துக் காட்டினால் 'ஸ்வரம் நிலைக்கவில்லை' என்பார். அவர்கள் வாசித்துக் காட்டினால் நம்மூர்ப் பெரியவர் 'ஸ்வரம் அப்படியே நிற்கிறதே, உயிர் வரவில்லையே' என்பார். இருவரும் தங்கள் நெறியில் நேர்மையாகத்தான் சொல்கிறார்கள்.

தீர்ப்பு கேட்டால், தனி ஸ்வரத்தின் அளவில் நம்மவர் செய்த வேலை ஆழமானது என்பேன். கருவியின் குணத்தையே மாற்றியிருக்கிறார்கள். அங்கே கருவி தன் குணத்தோடு இருந்தபடியே வேறு சங்கீதத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் குழு என்ற அளவில் அவர்கள் நம்மைவிட வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். இதை மறைக்க ஒன்றும் இல்லை.

நம் சாக்ஸபோன் மேளத்தில் இருவர் வாசிக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் ஆல்டோ. இருவரும் ஒரே வரியை வாசிக்கிறார்கள், ராக ஆலாபனையிலும் கல்பனை ஸ்வரத்திலும் மாறி மாறி வாசிக்கிறார்கள். இது நாகஸ்வர இரட்டையர்களிடமிருந்து வந்த முறை, நல்ல முறையும்கூட. ஆனால் நாகஸ்வர மேளத்தில் வெறும் இரட்டையர்தானா இருந்தார்கள்? ஒத்து இருந்தது. ஒத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் தேக்கிய காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்து, இடைவெளியே இல்லாமல் ஆதார ஷட்ஜத்தைத் தாங்குவார். அது வெறும் சுருதி காட்டல் அன்று. நாகஸ்வரமும் ஒத்தும் ஒரே குடும்பத்துக் குரல் என்பதால் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும். சுருதிப் பெட்டி வந்தது, ஒத்து போயிற்று. சாக்ஸபோன் மேளம் பிறந்தபோது அதன் முன்னால் இருந்த மாதிரி ஏற்கெனவே ஒத்தை இழந்துவிட்ட மேளம். இல்லாததை அது அப்படியே எடுத்துக்கொண்டது.

தவிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கோபால்நாத் மேடையில் அமைத்த கச்சேரி வயலின், மிருதங்கம், மோர்சிங், தபலா வைத்த அரங்கக் கச்சேரி. வயலின் கலைஞர் கன்யாகுமரியோடு அவர் வாசித்தவை இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. பந்தல் சாக்ஸபோன் அந்த அரங்கைவிட்டு மறுபடி வெளியே வந்து தவிலோடு சேர்ந்துகொண்டது. இது பின்னடைவு அல்ல. திறந்த வெளிக்காகப் பிறந்த கருவி தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. கூடு மாட்டிய விரல்களும் கழியும் எழுப்பும் தவிலின் இடிமுழக்கத்துக்கு ஈடுகொடுக்கும் நெஞ்சுரம் வயலினுக்குக் கிடையாது, சாக்ஸபோனுக்கு உண்டு. மேற்கத்திய சாக்ஸபோன் குழுவில் தாள வாத்தியமே பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே பாரிடோன்தான் காலடி எடுத்துவைக்க வேண்டும். எனக்கு அந்தக் குழுக்களில் குறையாகத் தெரிவது இதுதான்: மூச்சு இருக்கிறது, மண்ணில் கால் ஊன்றவில்லை.

பந்தல் மேளத்தின் பாட்டுப் பட்டியலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் கருவியின் வசதி அதைச் சத்தமில்லாமல் மாற்றிவருகிறது. ஹம்ஸத்வனி, மோகனம், நாட்டை, கதனகுதூகலம் போன்றவை கீக்களுக்கு இசைவானவை. ஸ்வரங்கள் நேராக நிற்கும், வேகம் எடுத்தால் ஜொலிக்கும். தோடி, பேகடா, யதுகுலகாம்போதி, சஹானா ஆகியவை உதட்டுக்கு நாள்கணக்கான வேலை வைப்பவை. காலை நாலு மணிக்கு மண்டபத்துக்கு வந்து, மதியம் வேறு ஊருக்குப் போகவேண்டிய கலைஞர் எதை வாசிப்பார்? மாலை வரவேற்பில் கேட்பதோ முழுக்க சினிமாப் பாட்டு. மேற்கிலும் இதே இழுப்பு உண்டு. ரொசினியின் முன்னிசைகளும் சாக்ஸபோனுக்கு சுலபமாக வழிவிடும் ராவெலின் 'பொலேரோ'வும் அடிக்கடி வரும், ப்ராம்ஸின் அடர்ந்த சிம்பனிகள் அரிதாகவே வரும். ('பொலேரோ' 1928ல் எழுதப்பட்டபோதே ராவெல் அதில் சாக்ஸபோன்களுக்குத் தனி வரி கொடுத்திருந்தார்.) ஆனால் அங்கே கடினமானதை எழுதிவைக்கும் தாள் இருக்கிறது. ஒருவர் பாடுபட்டு மாற்றி எழுதினால் நூறு குழுக்கள் வாசிக்கும். இங்கே ஒருவர் பாடுபட்டு சஹானாவை உதட்டில் பிடித்தால் அது அவரோடும் அவர் சீடரோடும் நின்றுவிடும்.

சாக்ஸபோன் வந்து நாகஸ்வரத்தை அழிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. பஞ்சமூர்த்திப் புறப்பாட்டின் மல்லாரியை கம்பீர நாட்டையில் நாகஸ்வரத்தில்தான் கேட்கவேண்டும். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர் அசையும்போது மலைப்பாறையில் மோதித் திரும்பவேண்டியது ஆச்சாமரக் குழலின் ஒலி. அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் கல்யாணப் பந்தல் வேறு. அங்கே எந்தக் குழல் என்பதைவிட, வாசிப்பவர் சங்கீதத்தில் எவ்வளவு நின்றவர் என்பதே பெரிது. கோபால்நாத்தின் சீடர்களான பெங்களூர் சகோதரிகள் எம்.எஸ். சுப்பலட்சுமியும் எம்.எஸ். லாவண்யாவும் வாசிக்கும்போது, நாயனம் கேட்டு வளர்ந்த காதும் நிறைகிறது. பெண்கள் நாகஸ்வரத்துக்கு வர எத்தனை தலைமுறை தயங்கவேண்டியிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால், சாக்ஸபோன் திறந்துவிட்ட இந்த ஒரு கதவே பெரிது.

கடைசியாக, இந்த ஒப்பீட்டிலிருந்து நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. மேற்கத்தியக் குழுக்கள்போல நாமும் கீர்த்தனைக்குக் கீழே மேற்கத்திய ஸ்வரக்கட்டுகளை அடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சினிமாவில் அது அழகு. ராகத்தின் கமகத்துக்குக் கீழே அசையாத கட்டுகளை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும். நான் பார்ப்பது அவர்களுடைய குடும்ப அமைப்பை.

சாக்ஸ் தன் கருவியை இரண்டு வரிசைகளாகத் திட்டமிட்டார். சிம்பனிக் குழுவுக்கு என்று எஃப், சி சுருதிகளில் ஒரு வரிசை, பேண்டுக்கு என்று ஈ பிளாட், பி பிளாட் சுருதிகளில் ஒரு வரிசை. சிம்பனிக்காகச் செய்தது வழக்கொழிந்துவிட்டது. இன்று உலகெங்கும் இருப்பது பேண்டு வரிசை. அதில் சொப்ரானோ பி பிளாட், ஆல்டோ ஈ பிளாட், டெனர் பி பிளாட், பாரிடோன் ஈ பிளாட் என்று மாறி மாறி வரும். இதை நம் கணக்கில் சொன்னால்? ஈ பிளாட் என்பது இரண்டரைக் கட்டை. ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நிலைபெற்ற பாரி நாகஸ்வரம் நிற்கும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதிப் பக்கம்தான் அது. இரண்டரைக் கட்டையை ஷட்ஜமாக வைத்தால் பி பிளாட் அதன் பஞ்சமம். அதாவது சாக்ஸபோன் குடும்பம் பிறப்பிலேயே பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம் என்று அடுக்கிவைத்த குடும்பம். மேற்கில் இந்த அடுக்கை ஸ்வரக்கட்டுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு இது ஒரு தம்புரா.

ஆல்டோ இரட்டையருக்குப் பின்னால் ஒரு பாரிடோன் உட்கார்ந்து, மந்தர ஷட்ஜத்தைப் பழைய ஒத்துக்காரரின் மூச்சு முறையில் இடைவிடாமல் தாங்கட்டும். ஆள் கிடைத்தால் ஒரு டெனர், தன் சொந்த ஸ்வரமான பஞ்சமத்தை எடுத்துக்கொள்ளட்டும். சுருதிப் பெட்டி தரும் தட்டையான ஒலிக்குப் பதில், மேலே பாடும் குழலின் அதே பித்தளையும் அதே நாணலும் கீழே முனகும். மத்தியம சுருதியில் பாட்டு வந்தால் டெனர்காரர் விரலை மாற்றி மத்தியமம் பிடிக்கலாம். பெட்டியில் திருகவேண்டிய அவசியம்கூட இல்லை. பாரிடோன் விலை அதிகம், கனமும் அதிகம், ஊர்வலத்தில் தோளில் மாட்டி நடப்பது லேசல்ல. ஆனால் ஊஞ்சலும் முகூர்த்தமும் உட்கார்ந்து வாசிப்பவைதானே.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்தக் காலத்தில் மேளத்துக்குள் நுழையும் பையனுக்கு முதலில் கையில் கிடைப்பது தாளமாகவோ ஒத்தாகவோ இருக்கும். ஒத்து ஊதியே அவன் மூச்சைக் கட்டக் கற்றான், பக்கத்தில் உட்கார்ந்தே ராகங்களைக் காதில் வாங்கினான், எந்த ஸ்வரம் ஷட்ஜத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை உடம்பால் தெரிந்துகொண்டான். சுருதிப் பெட்டி வந்ததும் அந்த முதல் படிக்கட்டு போய்விட்டது. இன்று சாக்ஸபோன் கற்க வரும் பிள்ளை நேராக ஆல்டோவில் பாட்டு வாசிக்கத் தொடங்குகிறது, அதுவும் பல நேரம் கைப்பேசியில் கேட்ட சினிமாப் பாட்டு. பாரிடோனில் ஒரு வருஷம் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களின் பின்னால் உட்கார்ந்த பிள்ளை, தோடியின் காந்தாரத்தை உதட்டில் தேடும்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரிந்துவைத்திருக்கும்.